ழ வராதது நாக்காலா, காதாலா, வீட்டாலா?

செந்தூல்காரி

வணக்கம். மொழி பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் தமிழ்ப்பள்ளி. பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பொரிந்து தள்ளுகிறாள். தமிழும் தடையில்லாமல் பேசுவாள், ஆனால் ழ மட்டும் சுத்தமாக வராது. பழம் 'பளம்', மழை 'மலை', தமிழ் 'தமில்'. தீபாவளிக்கு வந்த கூட்டம் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்திவிட்டது. நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது, டாக்டரிடம் காட்டி வெட்டிவிடு என்கிறார் மாமியார். அதற்கு முன்னால் வசம்பை உரசித் தடவிப் பார்க்க வேண்டுமாம். கொழுந்தனார் வேறு கட்சி. ஒவ்வொரு இனத்துக்கும் நாக்கும் வாயும் வேறு வேறு வார்ப்பு, ழ தமிழன் ரத்தத்தில் இருப்பது, மற்றவர்கள் தலைகீழாக நின்றாலும் வராது என்கிறார். அப்படியானால் உங்கள் அண்ணன் மகளுக்கு ஏன் வரவில்லை, ரத்தம் மாறிவிட்டதா என்று கேட்டேன். முறுக்கை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

உச்சரிப்பு உடம்போடு வருகிறதா, வளர்ப்போடு வருகிறதா? சவ்வை வெட்டத்தான் வேண்டுமா?

கெத்து_மச்சி

அக்கா, ழ வரவில்லை என்றால் என்ன லா? தமிழ்நாட்டிலேயே பாதிப் பேருக்கு வராது. மதுரைப் பக்கம் 'வாளப்பளம்', சென்னையில் 'வாயப்பயம்'. அவர்கள் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள் உங்கள் கொழுந்தனாரை.

நாநுனி

கோலாலம்பூரில் ஸ்பீச் தெரப்பி வேலை பார்க்கிறேன். பிள்ளையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன்னால் நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அவளை 'வண்டி', 'பாட்டி', 'கண்ணாடி' என்று சொல்லச் சொல்லுங்கள். ட, ண சரியாக விழுகிறதா என்று கவனியுங்கள். இந்த இரண்டுக்கும் நாக்கு நுனி பின்னால் மடங்கி மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும். ழ-வுக்கு அது கூட வேண்டாம். நாக்கு மடங்கி, அண்ணத்தில் ஒட்டாமல் காற்றுக்கு வழி விட்டால் போதும். ஒட்டுகிற அளவுக்கு நாக்கு எழும்பும் பிள்ளைக்கு, ஒட்டாமல் நிறுத்துவதற்கு மட்டும் சவ்வு குறுக்கே நிற்காது.

சவ்வு உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் கைக்குழந்தையாகத் தாய்ப்பால் குடிக்கும்போதே பெரும்பாலும் சிரமம் தெரிந்திருக்கும். நாக்கை நீட்டச் சொன்னால் நுனி நடுவில் குழிந்து நிற்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் உச்சரிப்புக்காக மட்டும் வெட்டச் சொல்வதற்கு ஆராய்ச்சி ஆதாரம் வலுவாக இல்லை. வசம்பும் வேண்டாம், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ர, ழ போன்றவை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கடைசியில் வருகிற ஒலிகள். ஐந்து வயதுக்கு இது பதற வேண்டிய விஷயமே இல்லை. இரண்டு கேள்விகள்: வீட்டில் யார் யார் ழ சொல்கிறீர்கள்? பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?

கரும்பலகை

நாநுனி சொன்னது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பிறப்பியலில் ர, ழ இரண்டையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, நாக்கு நுனி மேலே எழுந்து அண்ணத்தை 'வருட'ப் பிறக்கும் என்கிறார். ற, ன-வுக்கு 'ஒற்ற' என்கிறார். வருடுவது வேறு, ஒற்றுவது வேறு. தமிழ்ப்பள்ளியில் இத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறேன், 'நாக்கை நல்லா மடி, நல்லா மடி' என்று பிள்ளைகளை வதைக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லா மடித்து அண்ணத்தில் ஒட்டினால் ள-தான் வரும். பிள்ளை சொன்னதைச் சரியாகத்தான் செய்கிறது, சொல்லிக்கொடுப்பதுதான் கோளாறு.

அறிவியல்_பித்தன்

கொழுந்தனாரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன ரத்தக் கணக்கு தப்பு. ஆனால் உடம்பின் அமைப்புக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்பதும் தப்பு.

2019-இல் சயின்ஸ் இதழில் பிளாசி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழுதட்டில் மேற்பல் பட்டு வரும் ஒலிகள், அதாவது ஆங்கில எஃப், வீ போன்றவை, மனிதர்கள் வேளாண்மைக்கு வந்து மென்மையான சாப்பாட்டுக்குப் பழகிய பிறகே பரவின என்பது அவர்கள் வாதம். கடினமான இறைச்சியையும் கிழங்கையும் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்தால், பெரியவர் ஆவதற்குள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் வந்து முட்டி நிற்கும். வெந்த சோறும் கூழும் சாப்பிட்டால் சின்ன வயதில் இருப்பது போலவே மேற்பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். அப்படி நிற்கும் வாயில் எஃப் சொல்வதற்குத் தசைக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவான உழைப்புப் போதும் என்று கணினி மாதிரியில் காட்டினார்கள். 1985-லேயே ஹாக்கெட் என்ற மொழியியலாளர் இதைச் சொல்லியிருந்தார், அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலண்ணத்தின் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். டெடியூ, மொய்சிக் இருவரும் கூட்டாளிகளும் அதை வைத்துக் கணினியில் தலைமுறை தலைமுறையாக உயிரொலிகளைக் கடத்திப் பார்த்தார்கள். ஒருவரிடம் கண்ணுக்கே தெரியாத சின்னச் சாய்வு, பல தலைமுறை தாண்டும்போது தெரிகிற அளவுக்கு வளர்ந்தது. இதுவும் 2019தான்.

ஆக உடம்பு ஒரு பக்கம் லேசாகத் தள்ளுகிறது. கட்டளை போடுவதில்லை. கொழுந்தனாருக்கு இவ்வளவுதான் விட்டுக்கொடுப்பேன்.

நாசிகண்டார்_பாய்

பித்தன் தம்பி, பல் விஷயம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பினாங்குக்கு வந்து பாருங்கள். எங்கள் கடைக்கு எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. எங்கள் பாட்டிக்கும் அதே வயது. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டது ஒரே சோறு, ஒரே மீன் குழம்பு. எதிர்வீட்டுப் பாட்டிக்கு மின்விசிறி 'பேன்', காபி 'காப்பி', என் தங்கை ஃபாத்திமா 'பாத்திமா'. எங்கள் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, ஆனால் ஃபா என்றால் மேற்பல் உதட்டில் பட்டுச் சுத்தமாக வரும். காரணம் பல் இல்லை, ஓதல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவை நாவில் ஏற்றிவிடுவார்கள். ஃப-வை ப என்று ஓதினால் உஸ்தாத் விடமாட்டார். திரும்ப ஓது, திரும்ப ஓது. பிரம்பு மேசை மேலேயே இருக்கும்.

மலாய்க்காரர்களும் இப்படித்தான். அரபியிலிருந்து வந்த ஃபிக்கிர் என்ற சொல்லைப் பழைய ஆட்கள் பிக்கிர் என்பார்கள், ஃபாஹாம் பாஹாம் ஆகிவிடும். பள்ளியும் மதமும் அழுத்திச் சொல்லிக்கொடுத்த வீட்டில் ஃப நிற்கிறது.

கரும்பலகை

பாய் சொல்வது சரி, ஆனால் பித்தனுக்கும் கைகொடுக்க வேண்டும். பல்லும் உதடும் சேரும் ஒலி தமிழில் இல்லாமல் இல்லை. 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்கிறது பிறப்பியல். நம் வ அந்த வகைதான். காற்றை உரச விடாமல் மென்மையாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பாட்டியின் வாயில் பல்லும் உதடும் சேர்வதற்கு எந்தத் தடையும் இல்லை, ஒரு நாளைக்கு நூறு தடவை 'வா', 'வை' என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். ஃப மட்டும் அவர் மொழியில் இடம் கேட்கவில்லை.

கெத்து_மச்சி

பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில்தான் சீனம் போன்ற தொனி மொழிகள் (குரல் ஏறி இறங்குவதிலேயே சொல்லின் பொருள் மாறும் மொழிகள்) வளரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஜார்ஜ் டவுன் புழுக்கத்தில் ஹொக்கியன் பேசும் சீனர்களுக்குத் தொனி இருக்கிறது. அதே புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிற தமிழுக்கும் மலாய்க்கும் ஏன் இல்லை லா?

அறிவியல்_பித்தன்

வீடியோக்காரர் தலைகீழாகச் சொல்லிவிட்டார். 2015-இல் காலெப் எவரெட்டும் மற்றவர்களும் சொன்னது, வறண்ட காற்றில் குரல்நாண் உலர்ந்து சுருதியை நுட்பமாகப் பிடிப்பது கடினம், அதனால் சிக்கலான தொனி மொழிகள் வறண்ட ஊர்களில் அரிது என்பது. ஈரம் இருந்தால் தொனி வந்தே தீரும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதையும் பல மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஹொக்கியன் இந்தப் புழுக்கத்தில் பிறந்ததும் இல்லை, சீனாவின் ஃபூஜியானிலிருந்து கப்பலில் வந்தது.

2007-இல் டெடியூவும் லாடும் இரண்டு மரபணு வகைகளுக்கும் தொனி மொழிகள் பரவியிருக்கும் இடங்களுக்கும் ஒரு புள்ளிவிவரத் தொடர்பு காட்டினார்கள். உடனே 'சீனருக்குத் தொனி மரபணு' என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. எந்தப் பிள்ளையும் எந்த மொழியையும் கற்கும், இது பல தலைமுறைகளில் தெரியும் சின்னச் சாய்வு பற்றிய யூகம்தான் என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

பால்மரத்தான்

நீங்கள் எல்லாரும் இவ்வளவு ஆராய்ச்சி பேசுவதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பெரியம்மா ஒருவர் சீனத்துப் பிள்ளை. ஜப்பான்காரன் காலத்தில் சோற்றுக்கு வழியில்லாத ஒரு சீனக் குடும்பம், பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தையை என் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மலாயாவில் அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் சீனப் பெண் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இது கதை இல்லை, இன்றைக்கும் அந்த வம்சத்தில் வந்தவர்கள் இந்த நாடு முழுக்க இருக்கிறார்கள்.

பெரியம்மாவைக் கண்ணால் பார்த்தால் சீனர். காதால் கேட்டால் தமிழச்சி. சேலை, பொட்டு, கொண்டையில் மல்லிகை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கும்மிக்கு முன்பாட்டு அவர்தான். 'மழை' என்று அவர் இழுத்துச் சொல்லும்போது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கும் அப்படி ழ விழாது, என் சொந்த அம்மாவுக்கும் விழாது. அவரை வளர்த்த என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம், வாயில் ழ கணீரென்று இருக்கும். மற்றவர்கள் சேலம், ஆற்காடு என்று நாலா பக்கமும் கங்காணி கூட்டிவந்த ஆட்கள், ஒருவருக்கொருவர் பேசிப் பேசி ழ-வை ள-வில் கரைத்துவிட்டார்கள். பெரியம்மா குழந்தையில் பாட்டியின் இடுப்பிலேயே இருந்தவர். தோட்டத்துக்கு வெளியே போனதில்லை.

சுங்கை பாக்காப் பசாருக்குக் கூட்டிப்போனால் கடைக்காரத் தவுக்கே ஹொக்கியனில் பேச ஆரம்பிப்பார். பெரியம்மா தமிழில் 'என்னப்பா சொல்றே, வெலையச் சொல்லு' என்பார். தவுக்கே என் முகத்தைப் பார்ப்பார், பெரியம்மா முகத்தைப் பார்ப்பார், திரும்ப என்னைப் பார்ப்பார். பெரியம்மாவுடைய ஹொக்கியன் இரண்டு எண்களைத் தாண்டாது, அதிலும் தொனி போடத் தெரியாது. 'லாக்' என்று ஆறு சொன்னால் தவுக்கே வேறு எதையோ எடுத்து நீட்டுவார்.

செந்தூல் அம்மாவின் கொழுந்தனாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், இதில் ரத்தம் எங்கே போயிற்று?

கெத்து_மச்சி

ஐயா, இதைத் தனி இழையாகவே போடலாம். மெர்டேக்கா மாதத்தில் போடுங்கள், பகிர்ந்து தள்ளிவிடுகிறோம்.

அறிவியல்_பித்தன்

ஐயா, உங்கள் பெரியம்மா கதைக்கு ஆய்வுக்கூடத்திலேயே ஒரு துணை இருக்கிறது. 2014-இல் மான்ட்ரியலில் ஒரு ஆய்வு. சீனாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்துப் போய் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண் பிள்ளைகள். சீனம் ஒரு சொல் புரியாது. அவர்களுக்குச் சீனத் தொனிகளை ஒலிக்க விட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். சீனமும் பிரெஞ்சும் பேசும் பிள்ளைகளைப் போலவே இடப்பக்க மூளை வேலை செய்தது. பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. வாய் மறந்துவிட்டது, காதில் கைக்குழந்தைப் பருவத்தின் தடம் நிற்கிறது. பெரியம்மாவின் காதிலும் யாருக்கும் தெரியாமல் ஹொக்கியன் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இதிலிருந்துதான் செந்தூல்காரி அக்காவின் கேள்விக்கு வரவேண்டும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் செய்த ஆய்வு நமக்கு மிகவும் நெருக்கமானது, ஏனென்றால் அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியின் த-வும் ட-வும். கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள். ஆறு முதல் எட்டு மாதம் வரை த வேறு, ட வேறு என்று பெரும்பாலான குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறமை போய்விட்டது. காது கெட்டுப்போகவில்லை. வீட்டில் யாருமே அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தாததால் மூளை அதைக் கழித்துக் கட்டிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அது அப்படியே நின்றது. இது உடம்பா, வளர்ப்பா? ஒரு வயதுக்குள் சுருங்குகிற அந்தக் கடிகாரம் உடம்போடு வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை வீடு முடிவு செய்கிறது.

டேப்லெட்டில் தமிழ்ப் பாட்டு போட்டுவிட்டால் ஈடாகும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2003-இல் பட்ரீசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு 12 அமர்வுகளில் மாண்டரின் பேசுபவர்களை விளையாட விட்டார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. முகம் பார்த்து, பதிலுக்குச் சிரித்துப் பேசும் ஆள் வேண்டும். இதை எங்கள் அக்காவிடம் சொன்னதற்கு அவள் என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

நாநுனி

பித்தன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு வயதோடு கதவு சாத்திவிடும் என்று பெற்றோர் பயந்துவிடக் கூடாது. ஜப்பானியப் பெரியவர்களுக்கு ஆங்கில ஆர், எல் வேறுபாட்டைக் காதில் ஏற்றும் பயிற்சிகள் 1991-லேயே பலன் தந்திருக்கின்றன. அதில் முக்கியமானது, ஒரே ஆள் குரல் இல்லாமல் பல பேர் குரலில் கேட்க வைத்தது. வளர்ந்தவர்களுக்கே முடிகிறது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவோ எளிது.

செந்தூல்காரி

எல்லாருக்கும் நன்றி. பால்மரத்தான் ஐயாவின் பெரியம்மா கதையை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், அவரும் சித்தியவானில் இப்படி ஒருவரைத் தெரியும் என்று ஆரம்பித்துவிட்டார்.

நாநுனி கேட்டதற்குப் பதில். 'வண்டி', 'பாட்டி', 'கண்ணாடி' மூன்றும் சுத்தமாக வருகிறது. நாக்கை நீட்டினால் கூராகத்தான் இருக்கிறது. மாமியார் ழ-வுக்கு ள சொல்வார். கணவர் அவசரத்தில் ல. நான் படித்தது மலாய்வழித் தேசியப் பள்ளி, கவனம் வைத்துச் சொன்னால் ழ வரும், சமையலறையில் நின்று பேசும்போது வராது. அப்புறம் சளி... வருடம் முழுக்கச் சளிதான். பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வருகிறது.

நாநுனி

அப்படியானால் நாக்கை விடுங்கள். காதைப் பார்ப்போம்.

ஒரு தாளில் மழை, இன்னொரு தாளில் மலை வரையுங்கள். உங்கள் வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள், அவள் தொட்டுக் காட்டட்டும். மாற்றி மாற்றிப் பல முறை. கிழி, கிளி. வழி, வலி. அவள் சொல்லத் தேவையே இல்லை, தொட்டால் போதும். நீங்கள் கவனம் வைத்து ழ சொல்லுங்கள், இல்லையென்றால் சோதனைக்கே அர்த்தமில்லை.

ஓயாத சளி உள்ள பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிள்ளைக்கே தெரியாது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது போல மங்கலாகக் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாம் 'சொல்பேச்சு கேட்காத பிள்ளை' என்று திட்டுவோம். அந்த மங்கலில் 'சாப்பிடு', 'வா' எல்லாம் புரிந்துவிடும், ல, ள, ழ போன்ற நுட்பமான வித்தியாசம் நழுவிவிடலாம். அரசு மருத்துவமனையில் காது பரிசோதனைக்குப் பெயர் கொடுங்கள். வரிசை நீளமாக இருக்கும், அதனால் இப்போதே கொடுப்பது நல்லது.

கரும்பலகை

பெற்றோர் மட்டும் இல்லை, பள்ளியும் அரசும் உச்சரிப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் நடந்தது. 1988-இல் பள்ளிகளில் செபுத்தான் பாக்கு கொண்டுவந்தார்கள். மலாயை எழுத்தில் இருக்கிறபடியே உச்சரிக்க வேண்டும் என்று உத்தரவு. 'என்ன' என்பதற்கான மலாய்ச் சொல்லைக் கோலாலம்பூரில் வாய் தன்னால் 'அப்பெ' என்று முடிக்கும், வகுப்பில் எழுத்தில் உள்ளபடி 'அப்பா' என்று முடிக்க வேண்டும். வகுப்பில் ஒரு மலாய், இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் இன்னொரு மலாய். 2000-இல் அதைக் கைவிட்டார்கள். பாடநூலும் தேர்வும் செய்தி வாசிப்பும் கையில் இருந்தும், பிள்ளைகள் கூட்டாளிகளோடு பேசும் மலாயை அசைக்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு சீன மாணவி இருந்தாள். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போக, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பாட்டிதான் பார்த்துக்கொண்டார். அவளைத்தான் திருக்குறள் ஒப்புவிக்க மேடையேற்றுவோம். கைதட்டல் பலமாக இருக்கும். அதே மேடையில் ழ வராத தமிழ்ப் பிள்ளைக்குச் சிரிப்புச் சத்தம் கிடைக்கும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை மேடைக்கே வராது. எனக்கு இது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. காது, நாக்கு எல்லாம் சரியாக இருக்கும் பிள்ளையை நாம் சிரித்தே ஊமையாக்குகிறோம்.

கெத்து_மச்சி

டீச்சர், நான்தான் அந்தப் பிள்ளை. வேறு பள்ளி, ஆனால் அதே மேடை. அதனால்தான் முதலில் 'ழ வரவில்லை என்றால் என்ன' என்று எழுதினேன்.

இதே ஊர்ச் சீனர்களும் பெய்ஜிங்காரர் நாக்கை மடிக்கும் இடத்தில் மடிப்பதில்லை. என் கூட்டாளிகள் மாண்டரினில் அப்படிப் பேசினால் 'நம் ஊர் மாண்டரின்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நாங்கள் மடிக்காவிட்டால் மட்டும் தமிழைக் கொன்றுவிட்டோம் என்கிறார்கள். இதையும் கணக்கில் எடுங்கள்.

அறிவியல்_பித்தன்

நியாயமான கேள்வி மச்சி. உடம்பின் மேலேயே பழக்கம் எவ்வளவு ஏறும் என்பதற்கு இன்னொன்று: ஜப்பானியப் பெண்களும் நெதர்லாந்துப் பெண்களும் பேசும் சுருதியை 1995-இல் ஒப்பிட்டார்கள். ஜப்பானியப் பெண்கள் உயர்ந்த சுருதியில் பேசியதற்குக் குரல்நாண் மட்டும் காரணம் இல்லை. பெண் என்றால் மெல்லிய குரல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தக் குரலில் ஏறியிருந்தது. தொலைபேசியை எடுத்ததும் நம் அக்காமார் குரல் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். குரல்நாண் அதேதான்.

செந்தூல்காரி

மழை-மலை சோதனை செய்தேன். கிளி-கிழியில் பாதிக்குப் பாதி தப்பு. மழை-மலையில் வாயை மறைத்தால் எல்லாவற்றுக்கும் மலையைத்தான் தொடுகிறாள். மறைக்காமல் சொன்னால் என் நாக்கைப் பார்த்துச் சரியாகத் தொடுகிறாள். வலி-வழியில் கொஞ்சம் பரவாயில்லை. காது பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மாமியாரிடம் வசம்பைப் பற்றி இன்னும் பேசவில்லை, அதை நானாகவே காணாமல் போக வைத்துவிட்டேன்.

பல பேர் குரல் வேண்டும் என்றீர்களே. பால்மரத்தான் ஐயா, உங்கள் வீட்டில் யாருக்காவது பெரியம்மா ழ வந்திருக்கிறதா? 'மழை, வாழை, கிழவி, குழந்தை' என்று நாலைந்து சொற்களைத் தொலைபேசியில் பதிந்து அனுப்பினால் உதவியாக இருக்கும். நேரில் பேசுவது போல வராது என்று பித்தன் சொல்லிவிட்டார், ஆனாலும் கூடவே நானும் உட்கார்ந்து விளையாட்டாகச் செய்கிறேன்.

பால்மரத்தான்

பெரியம்மா மகளுக்கு அப்படியே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில்தான் இருக்கிறாள், பதிந்து வாங்கித் தருகிறேன். நான் சொல்லிப் பதிந்தால் ள-தான் வரும், அதனால் என்னை விட்டுவிடுங்கள்.

நாசிகண்டார்_பாய்

நாநுனி, இழை முடிவதற்குள் எனக்கும் ஒன்று. என் இளையவன் கெப்பாலா பத்தாஸ் பக்கம் பள்ளிக்குப் போகிறான், ஏழு வயது. ர-வை நுனி நாக்கில் சொல்லாமல் தொண்டைக்குள் உருட்டுகிறான். கோலாலம்பூரிலிருந்து வந்த என் மச்சான் கேட்டுவிட்டு, பிள்ளைக்குக் குறை, தெரப்பிக்குக் கொண்டுபோ என்கிறான். கொண்டுவரவா?

நாநுனி

எந்த மொழியில் உருட்டுகிறான், பாய்? மலாயிலா, தமிழிலுமா? 'ராத்திரி', 'மரம்', 'ரம்பம்' சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

நாசிகண்டார்_பாய்

இப்போதுதான் சொல்லச் சொன்னேன். தமிழில் நன்றாக நாக்கு நுனியில் வருகிறது. ஓதும்போதும் சரியாகத்தான் இருக்கிறது. மலாயில் மட்டும் தொண்டை. 'திங்கால்' என்பதையும் 'திங்காய்' என்கிறான்.

நாநுனி

அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாம் பாய். வட மாநிலத்து மலாயில் ர அங்கேதான் இருக்கிறது. ஒரே வாயில் மூன்று மொழிக்கு இரண்டு ர வைத்துக்கொண்டு இடம் பார்த்து மாற்றுகிறான். மச்சானிடம் சொல்லுங்கள், கோலாலம்பூரில் யாராவது தெரப்பிக்குக் கொண்டுபோகச் சொன்னால் முதலில் பிள்ளையின் கூட்டாளிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கச் சொல்லி.